ஊர் யாருக்குக் கல் நடுகிறது? நடுகல் பார்க்க வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகல் பார்க்கப் போகும்போது கூட வருபவர்கள் முதலில் கல்லைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தக் காலம், என்ன எழுத்து, கையில் இருப்பது வில்லா வாளா. கொஞ்ச நேரம் போனதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். "நாம போனா யாரு சார் நினைப்பா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததே இல்லை. அப்படிக் கேட்கப்பட்டவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

நடுகல் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சண்டையிலோ, ஊரைக் காக்கும்போதோ, விலங்கோடு மோதியோ இறந்தவரின் நினைவாக நட்ட கல். பெரும்பாலும் ஒரு பலகைக் கல். அதில் ஆயுதம் ஏந்திய உருவம், சிலவற்றில் சில வரி எழுத்து. எழுத்தே இல்லாத கற்கள்தான் அதிகம். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, அதைக் கொள்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று ஆறு கட்டங்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களில் தமிழி எழுத்து, அதாவது தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவம், இருக்கிறது. அவை கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பது அவர்கள் கணிப்பு. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் இந்த வழக்கம் உண்டு.

வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ஏன் கல்லைக் காட்டுகிறீர்கள்?

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் தேடினால் பெரிய பெரிய சொற்களாக வரும். கல்லில் அதற்கு வழியில்லை. உளியால் ஒவ்வொரு எழுத்தாக வெட்ட வேண்டும், இடமும் குறைவு. ஒரு ஆளின் முப்பது, நாற்பது வருட வாழ்க்கையில் எதை வெட்டுவது, எதை விடுவது என்று ஊரார் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்த முடிவுகள் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையவை, இன்றும் நம் கண் முன்னால் இருக்கின்றன. நம்மில் யாரும் இப்படி உட்கார்ந்து யோசிப்பதில்லை, அதனால்தான் காட்டுகிறேன்.

அப்படி என்னதான் எழுதியிருக்கும்?

செங்கம் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களை எடுத்துக்கொள்வோம். முதலில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்று வரும். அடுத்து அந்தப் பகுதித் தலைவன் பெயர், இறந்தவன் யாருடைய ஆள் என்பது, அப்புறம் அவன் பெயர். என்ன நடந்தது என்பது ஒரு வரி: மாட்டு மந்தையைக் கவர்ந்து போனார்கள், இவன் மீட்டான், பட்டான் (அதாவது இறந்தான்). மந்தைக்குக் கல்லில் வரும் சொல் 'தொறு'. கடைசியில் 'கல்' என்று முடியும். அவ்வளவுதான்.

புலிமான்கோம்பைக் கல் ஒன்றில் இதுவும் கிடையாது. 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்', மொத்தமே இத்தனைதான். கூடலூரில் நடந்த மாடு பிடிச் சண்டை, அதில் இறந்தவன் தீயன் அந்தவன், பேடு என்னும் ஊரைச் சேர்ந்தவன் என்று படிக்கிறார்கள்.

எழுதாமல் விட்டவற்றைப் பாருங்கள். எத்தனை வயது, எவ்வளவு நிலம், எத்தனை பிள்ளைகள், சிவப்பா கறுப்பா, குணவானா கோபக்காரனா, ஒன்றும் இல்லை. 'மிகச் சிறந்தவர்', 'பண்பாளர்' போன்ற அடைமொழிகளும் இல்லை. பெயர், இடம், யாருடைய எதைக் காக்கப் போய் இறந்தான் என்பது மட்டும். இந்த வரிசையில்தான் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஆள் எப்படிப்பட்டவன் என்பதை விட, அவன் யார் பக்கம் போய் நின்றான் என்பதே ஊருக்கு எழுதத் தக்கதாகப் பட்டிருக்கிறது.

இதெல்லாம் ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் செய்ததுதானே?

அவர்களுக்கும் உண்டு. அதியமானுக்கும் கோப்பெருஞ்சோழனுக்கும் நடுகல் நட்டதைப் புறநானூற்றுப் பாடல்களே சொல்கின்றன. ஆனால் கிடைத்திருக்கும் கற்களில் பெரும்பாலானவை வரலாற்றுப் புத்தகத்தில் வேறெங்கும் பெயர் வராத ஆட்களுடையவை. ஒரு சிறு தலைவனின் சேவகன், மந்தைக்குக் காவல் நின்றவன், புலியைக் குத்தி அதோடு சேர்ந்து இறந்தவன் (கொங்குப் பக்கம் இதைப் புலிக்குத்திக் கல் என்பார்கள்), பயிரைக் காக்கப் போய்ப் பன்றியால் இறந்தவன். கல்வெட்டில் அரசன் பெயர் வருவது தேதி சொல்வதற்காக மட்டும்தான். பல்லவ அரசன் மகேந்திரவர்மன் பெயரைக் காலண்டராகப் பயன்படுத்திவிட்டு, எருமைகளுக்காகச் செத்தவனைப் பற்றிப் பேசுகிறது கல். எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

நாய்க்கும் கோழிக்கும் கல் இருக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் இருந்த கல், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளின் பொருட்டு நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்டது. அவன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதற்கும் தனியாக ஒரு வரி: 'கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு'. எசமான் விழுந்தபிறகு இரண்டு திருடர்களைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் இருந்திருக்கிறது. நாயின் பெயரையும் விடாமல் வெட்டியிருக்கிறார்கள்.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம் ஆதகூரில் இதை விடப் பெரிய கதை. சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்த காலம், 949–950. போரில் நன்றாகச் சண்டையிட்ட மணலேரன் என்னும் வீரனிடம் என்ன வேண்டும் என்று கேட்கப்பட்டபோது, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். அந்த நாய் ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, இரண்டும் செத்துப்போயின. நாய்க்குக் கோயில் முன்னால் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். கல்லுக்குப் பூசை செய்யாமல் கோயில் பொறுப்பாளர் சாப்பிட்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோழிக் கல் விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட சேவல் அது. சேவற்சண்டையில் சேரியின் மானத்தைக் காப்பாற்றியதற்குக் கல். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று யோசியுங்கள், சேவலுக்குக் கல் வெட்டும் அளவுக்கு நேரமும் மனமும் அந்தத் தெருவுக்கு இருந்திருக்கிறது.

மாடு திருடப் போய்ச் செத்தவனுக்கும் கல் வைத்திருக்கிறார்கள். இதில் என்ன பெருமை?

சரியான கேள்வி. மாட்டை மீட்கப் போனவன், கவரப் போனவன் இருவருக்கும் கல் உண்டு. கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று இலக்கணமே இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. ஓர் ஊரின் வீரன் அடுத்த ஊருக்குக் கொள்ளைக்காரன். திருக்குறளில் ஒரு வீரன் எதிரிகளைப் பார்த்து, 'என் தலைவன் முன் நின்றவர்கள் பலர் இப்போது கல்லாக நிற்கிறார்கள், நீங்களும் நிற்காதீர்கள்' என்கிறான். அந்தக் கற்களை நட்டது யார்? தோற்றவனின் சொந்த ஊர்தான்.

ஆகவே கல் இருப்பதாலேயே அந்த ஆள் செய்தது சரி என்று ஆகிவிடாது. கல்லில் இருப்பது நன்றி. நீதிபதியின் தீர்ப்பை அதில் தேடக் கூடாது. இந்த வித்தியாசத்தை மறந்தால் நடுகல் முன்னால் சாதிப் பெருமை பேச ஆரம்பித்துவிடுவோம். இப்போது பல ஊர்களில் அதுதான் நடக்கிறது. 'இவர் எங்க ஆளு' என்று போர்டு வைத்து, கல்லில் எழுதியிருப்பதைப் படிக்கக்கூடப் பொறுமை இல்லாமல் பெயிண்ட் அடிக்கிறார்கள்.

கல் நட்டால் குடும்பத்துக்குச் சோறு கிடைக்குமா?

அதையும் யோசித்திருக்கிறார்கள். இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் உண்டு. நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று அதற்குப் பெயர். இரண்டும் ரத்தத்துக்கு ஈடாகக் கொடுத்த நிலம்தான்.

செத்துப்போனவனுக்கு இதனால் என்ன பயன்?

ஔவையாரே கேட்ட கேள்வி இது. அதியமான் இறந்தபின் அவன் கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றுகிறார்கள். உயர்ந்த மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். இனி எனக்குக் காலையும் மாலையும் இல்லாமலே போகட்டும் என்றுதான் அந்தப் பாட்டே ஆரம்பிக்கிறது.

செத்தவனுக்கு ஒன்றும் இல்லை என்பதை ஔவை மறைக்கவில்லை. கள் ஊற்றுவது ஊற்றுபவர்களுக்காகத்தான். அவர்களுக்குச் செய்ய ஏதாவது ஒரு காரியம் வேண்டியிருக்கிறது.

அப்படியானால் சாகும்போது வீரமாகச் செத்தால்தான் மதிப்பா? சாதாரணமாக வாழ்ந்தவர் கணக்கில் இல்லையா?

நடுகல்லின் பெரிய குறை இதுதான். அது ஒரே ஒரு நாளைப் பார்க்கிறது. மந்தையை மீட்ட அன்றைக்குக் கல் உண்டு. அதே மந்தையை இருபது வருடம் மழையிலும் வெயிலிலும் மேய்த்தவன் படுக்கையில் செத்தால் கல் கிடையாது. ஏரிக் கரையை வருடா வருடம் மண் போட்டு உயர்த்தியவர்கள், பேறு பார்த்த மருத்துவச்சி, தறி நெய்தவர்கள் யாருக்கும் இந்த வகைக் கல் இல்லை. ஒரே நாளில் முடியும் வேலைதான் எல்லார் கண்ணிலும் படுகிறது. தினமும் செய்யும் வேலை ஒரு நாள் நின்றுபோனால்தான் அப்படி ஒன்று நடந்துகொண்டிருந்ததே தெரியும்.

அதனால் கல் இல்லாதவர் வாழ்க்கை வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் முன்னோரில் கிட்டத்தட்ட எல்லோருமே கல் இல்லாதவர்கள்தான்.

பெண்களுக்கு?

பெரிய விதிவிலக்கு கண்ணகி. இமயத்தில் கல் எடுத்து, கங்கையில் நீராட்டி, சேரன் அவளுக்குக் கல் நட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்று வஞ்சிக் காண்டத்தின் காதைகளுக்கே அந்தக் கட்டங்களின் பெயர்தான். மற்றபடி, பெண்ணுக்கென்று அதிகம் கிடைப்பவை சதிக்கற்கள். கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு வைத்தவை. வளையல் அணிந்த கை மட்டும் தனியாகச் செதுக்கியிருக்கும் கற்களும் உண்டு. அவற்றின் முன்னால் நின்று பெருமைப்பட என்னால் முடியவில்லை. அவள் அதுவரை என்ன செய்து வாழ்ந்தாள் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

நான் பெண்களுக்கான கல் என்று காட்டுவது சுமைதாங்கியை. அதை யாரும் நடுகல் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய சாலை ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நிற்க வைத்து, மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருக்கும், ஏறக்குறைய ஒரு ஆளின் நெஞ்சு உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது வழக்கம். சுமையை இறக்காமலே போய்விட்டாள், வழியில் போகிற நாலு பேர் சுமையை இறக்கி வைத்தால் அவள் பாரமும் குறையும் என்பது நம்பிக்கை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும்.

அதன் உயரத்தைக் கவனியுங்கள். தலையில் நெல் மூட்டையோ விறகுக் கட்டோ சுமந்து தனியாக நடப்பவர் அதைத் தரையில் இறக்கினால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். யாரும் வராத சாலையில் அதனாலேயே இறக்காமல் நடப்பார்கள். நெஞ்சு உயரக் கல் இருந்தால் லேசாகக் குனிந்து தள்ளி வைக்கலாம், இளைப்பாறிவிட்டு அதே மாதிரி தலையைக் கொடுத்துத் தூக்கிக்கொள்ளலாம். உதவிக்கு ஆள் தேவையில்லை. அந்தப் பெண் யார் என்று தெரியாமலே எத்தனையோ பேர் அதில் சுமை இறக்கியிருப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலும் இது உண்டு. அங்கே சுமைதாங்கியோடு கேணி, மடம், மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக் கல் எல்லாம் சேர்ந்து இருக்கும் இடங்கள் உண்டு. மனிதனுக்குத் தண்ணீர், தலைச்சுமைக்குக் கல், மாட்டுக்கு ஒரு கல்.

சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவது சுமைதாங்கிதான். தலைச்சுமையும் போய்விட்டது, யாரும் கேட்பதில்லை. வீரனின் கல்லுக்கு வரும் கூட்டத்தில் பாதி வந்தால்கூட இவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

எழுத்து அழிந்துவிட்டால் அந்த ஆளும் அழிந்த மாதிரிதானே?

இந்தப் பயம் நமக்கு மட்டும் வந்ததல்ல. அகநானூற்றில் மதுரை மருதன் இளநாகனார் பாட்டுகளில் இரண்டு காட்சிகள் வருகின்றன. ஒன்றில், அம்புகளைத் தீட்டித் தீட்டியே நடுகல்லின் பக்கம் தேய்ந்துவிட்டது. களைத்து வரும் வழிப்போக்கர்கள் எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாமல் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள். இன்னொன்றில், எழுத்தின் கோடுகள் மறைந்துபோனதால் படிப்பவர்களுக்கு வேறு பொருள் கிடைக்கிறது. வீரனுக்காக நட்ட கல்லில் அடுத்த சண்டைக்கு அம்பு தீட்டுகிறார்கள். மறதி எப்படி நடக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொன்ன இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. வேண்டுமென்று யாரும் அழிப்பதில்லை, அவரவர் வேலை அவரவருக்கு.

ஆனால் பெயர் போனபின்னும் கல் நிற்கிறது. செங்கம், தர்மபுரிப் பக்கம் பல நடுகற்கள் இன்று வேடியப்பன் என்னும் சாமி. பொங்கல் வைக்கிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். உள்ளே இருப்பவன் பெயர் வேறு என்பது கும்பிடுபவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இது நினைவா மறதியா? எனக்கு இரண்டு பக்கமும் தோன்றும். பெயர் போய்விட்டது, காவல்காரன் என்ற வேலை மட்டும் மிச்சம் இருக்கிறது.

இந்தக் காலத்து நடுகல் எது? கண்ணீர் அஞ்சலி பேனரா?

பேனரில் தோற்றம், மறைவு, நடுவில் ஒரு படம். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு மகன், மருமகன், பேரன் வரை பெயர்கள், சிலருக்குப் பதவியோடு. பத்துப் பேனரைப் படித்தாலும் இறந்தவர் என்ன செய்தார் என்று தெரியாது. அழுபவர்கள் யார் என்று மட்டும் தெளிவாகத் தெரியும்.

இலங்கைத் தமிழர்களிடம் இதைவிட நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. முப்பத்தோராம் நாளை ஒட்டி ஒரு சிறு நூல் அச்சிட்டு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதைக் கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் சொல்வார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சம், இரங்கற்பா, தேவாரம், சில சமயம் ஊரைப் பற்றிய கட்டுரை வரை இருக்கும். புகழ்ச்சி கூடுதல்தான், அதைத் தள்ளிவிட்டுப் படிக்க வேண்டும். 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் இப்படிப்பட்ட மலர்கள் நிறையச் சேர்ந்திருக்கின்றன. ஒரு தபால் அதிபர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு கடைக்காரர் என்று ஊர் ஊராக ஆட்கள் கிடைக்கிறார்கள்.

என் பாட்டியைப் பற்றி எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

'பாட்டி எப்படிப்பட்டவங்க?' என்று யாரிடமும் கேட்காதீர்கள். 'தங்கமான மனுஷி' என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். 'உங்களுக்கு அவங்க என்ன செஞ்சாங்க, எப்போ, எங்கே?' என்று கேளுங்கள். வீட்டாரைவிட வெளியாட்களிடம் கேட்பது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர், பால் கொடுத்தவர், சம்பளத்துக்கு முன்பணம் வாங்கியவர், பிரசவத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர். பிள்ளைகளுக்கு அம்மாவின் சமையல் ஞாபகம் இருக்கும், அவர் அடுத்த தெருவுக்கு அரிசி அனுப்பியது தெரிந்திருக்காது.

அப்புறம், கல் வெட்டுபவன் மாதிரி ஒரே வரிக்குள் அடக்கிப் பாருங்கள். உதாரணத்துக்கு, '2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்வீட்டு மூன்று குடும்பத்தை மாடியில் வைத்துச் சோறு போட்டவர்' என்று ஒரு வரி கிடைத்தால், அதற்கு மேல் அடைமொழி தேவைப்படாது. அப்படி ஒரு நாளும் கிடைக்கவில்லை என்றால் தினசரி வேலையை எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், எங்கே தண்ணீர் எடுத்தார், யாருக்கு யாருக்குச் சோறு வைத்தார். நடுகல் விட்ட குறையை நீங்கள் நிரப்பலாம். அவருடைய கோபத்தையும் சேர்த்து எழுதுங்கள். யாரோடு பல வருடம் பேசாமல் இருந்தார் என்பதும் அவர் வாழ்க்கைதான். ஒரு விஷயம், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நடுகற்களை எங்கே பார்க்கலாம்?

ஒரே இடத்தில் நிறையப் பார்க்க தர்மபுரியில் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகம் வசதி. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் உண்டு. ஆனால் செங்கம் பக்கத்துக் கிராமங்களில் வயலோரமாக நிற்கும் கல்லைப் பார்ப்பது வேறு அனுபவம். பூசை நடக்கும் கல் என்றால் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

எங்கள் ஊர் வயலில் எழுத்துள்ள கல் ஒன்று கிடக்கிறது. என்ன செய்வது?

முதலில், செய்யக் கூடாததைச் சொல்கிறேன். பெயிண்ட் அடிக்காதீர்கள். ஆசிட் ஊற்றியோ கம்பி பிரஷ் வைத்தோ தேய்க்காதீர்கள். எழுத்து தெரிய வேண்டுமென்று ஆணியால் கீறி ஆழமாக்காதீர்கள். கீறியவரின் ஊகம்தான் அப்புறம் கல்வெட்டாக நிற்கும். இடத்தை விட்டு நகர்த்தவும் வேண்டாம், கல் நிற்கும் இடமும் ஒரு தகவல்தான்.

காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள், உச்சிவெயிலில் தெரியாத எழுத்து அப்போது நிழலில் எழுந்து தெரியும். முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து இன்னொரு படம் எடுங்கள். இடம் எங்கே என்று குறித்துக்கொண்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். அவர்கள் வந்து தாளை நனைத்துக் கல்லில் ஒற்றி மைப்படி எடுப்பார்கள். அதற்குள் ஊரில் வயதானவர்களிடம் அந்தக் கல்லை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யார் பொங்கல் வைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். மைப்படியில் அது வராது.